பூஜ்ஜியம் போடும் வேலை

கணினியின் நினைவகத்தில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என்ற நிலையில் இருந்தே தீரும். ஒரு புரோகிராம் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகும் அது எழுதிய எண்கள் அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் புரோகிராம் அதே இடத்தில் ஒரு மொத்தத் தொகையைக் கூட்டத் தொடங்கினால், கிடந்த எண்ணோடு சேர்த்தேதான் கூட்டும். விடை தவறாக வரும். எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் கூட்டலுக்கு முன்னால் யாராவது அந்த இடத்தில் பூஜ்ஜியத்தை எழுதியாக வேண்டும். பைதான் போன்ற மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இந்த வேலை கண்ணில் படுவதில்லை. அடியில் வேறொருவர் எழுதிய புரோகிராம் செய்துவிடுகிறது. மெயின்ஃபிரேம் என்ற பெரிய நிறுவனக் கணினியில், எந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளர் மொழியில் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. எந்த இடத்தை, எத்தனை பைட்டுக்கு, எந்தக் கட்டளையால் துடைப்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். ஒரே வேலைக்குப் பத்துக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது; ஆனால் ஒவ்வொரு சூழலிலும் நல்ல விடை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது. எந்திரம் எப்படி யோசித்துக் கட்டப்பட்டது என்பதை உள்ளே போய்ப் பார்க்க, இதைவிடச் சிறிய வாசல் எனக்குத் தெரியாது.

1973, சென்னை

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு பெரிய மெயின்ஃபிரேமை நெருங்கிப் பழக வாய்ப்புக் கிடைத்தது 1973-இல். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.க்கு, அதே நாட்டின் உதவியில் ஐ.பி.எம். 370/155 என்ற எந்திரம் வந்து சேர்ந்தது. பேராசிரியர் எச்.என். மகாபலாவின் வழிகாட்டலில் அங்கே கணினிக் கல்வி வளர்ந்தது. புரோகிராமை 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அச்சாகி வரும் தாளுக்குக் காத்திருந்த காலம் அது.

370/155-இன் மையச் செயலகம் ஒரு சுற்றுக்கு 115 நானோ நொடி எடுத்துக்கொண்டது. அதன் முதன்மை நினைவகமோ ஒருமுறை தொட்டுத் திரும்ப ஏறத்தாழ 2 மைக்ரோ நொடி கேட்டது. அதாவது, நினைவகத்துக்கு ஒரு நடை போய்வரும் நேரத்தில் செயலகம் பதினேழு, பதினெட்டுச் சுற்றுகளை முடித்துவிடும். அந்த இடைவெளியைக் குறைக்க 8 கிலோபைட் அளவில் ஒரு வேக நினைவகம் நடுவில் இருந்தது. நினைவக நடைகளை மிச்சப்படுத்துவதே நல்ல அசெம்பிளர் எழுத்தின் முதல் பாடமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

370-இன் கட்டளைகளுக்கு வேர், 1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360. ஜீன் அம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் ஆகியோர் வடிவமைத்த அந்தக் குடும்பம் ஒரு வாக்குறுதியோடு வந்தது: சிறிய மாடலுக்கு எழுதிய புரோகிராம் பெரிய மாடலிலும் ஓடும். அந்த வாக்குறுதி இன்றைக்கும் காப்பாற்றப்படுகிறது. 360-க்கு எழுதிய சாதாரணப் புரோகிராம்கள் இப்போதைய இசட் வகை எந்திரங்களிலும் ஓடுகின்றன. உலகின் பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் இவற்றை விட்டுவிடாததற்கு இதுவே முக்கியக் காரணம். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறிய பிறகும் இந்த அறிவு இங்கே அழிந்துவிடவில்லை. பின்னாளில் உலகம் முழுவதற்குமான மெயின்ஃபிரேம் பராமரிப்பு வேலை சென்னைக்கு வந்தபோது, மதுரையிலும் விருதுநகரிலும் திண்டுக்கல்லிலும் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் அதே கட்டளைகளை மறுபடி திறந்து படிக்க வேண்டியிருந்தது.

தன்னோடு தன்னையே ஒப்பிட்டால்

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். மதுரையில் ஒரு நூற்பாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ளோரூம், கார்டிங், ஸ்பின்னிங், வைண்டிங் என்று 25 பிரிவுகள். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிரிவிலும் மொத்தம் எத்தனை ஆள்நாட்கள் வேலை நடந்தது என்று கூட்ட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் 4 பைட் அளவில் ஓர் எண். ஆக 100 பைட். அந்தப் பரப்புக்கு ‘மொத்தம்’ என்று பெயர் வைப்போம். கூட்டல் தொடங்கும் முன் 100 பைட்டும் பூஜ்ஜியமாக வேண்டும்.

மெயின்ஃபிரேம்காரர்களின் கை முதலில் போவது எக்ஸ்.சி. என்ற கட்டளைக்கு. இரண்டு பரப்புகளைப் பிட் பிட்டாக ஒப்பிடுவது அதன் வேலை. இரண்டு பிட்டும் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0. விடையை முதல் பரப்பிலேயே எழுதிவிடும். ஒரு பரப்பை அதே பரப்போடு ஒப்பிடச் சொன்னால் என்ன ஆகும்? எந்தப் பிட்டும் தன்னிடமிருந்து வேறுபட முடியாது. ஆகவே எல்லாம் 0. உள்ளே முன்பு என்ன கிடந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை.

எழுதும் முறை இது: எக்ஸ்.சி. மொத்தம்(100),மொத்தம். அசெம்பிளர் இதை எந்திர மொழிக்கு மாற்றும்போது ஆறு பைட் வரும். பதினாறடிமான எண்ணில் (9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை 10 முதல் 15-ஐக் குறிக்கும்) அதைப் பார்ப்போம்:

டி7 63 சி1 00 சி1 00

முதல் பைட்டான டி7, கட்டளையின் அடையாளம். கடைசி நான்கு பைட்டுகளும் ஒரே முகவரியை இரண்டு முறை சொல்கின்றன: சி என்பது 12-ஆம் ரிஜிஸ்டர் (செயலகத்துக்குள் ஓர் எண்ணையோ முகவரியையோ வைத்திருக்கும் சிறு இடம்), 100 என்பது பதினாறடிமானத்தில் 256. அதாவது, 12-ஆம் ரிஜிஸ்டரில் உள்ள முகவரியிலிருந்து 256 பைட் தள்ளி என்று பொருள். நடுவில் இருக்கும் 63-தான் நீளம். பதினாறடிமானத்தில் 63 என்றால் 99. நாம் கேட்டதோ 100. இது பிழை இல்லை. நீளத்தைச் சொல்ல ஒரே ஒரு பைட்தான் இருக்கிறது. அதில் 0 முதல் 255 வரை எழுதலாம். பூஜ்ஜிய நீளத்துக்கு ஒரு கட்டளையை வீணாக்க வேண்டாம் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். அதனால் உள்ளே எழுதப்படும் எண் எப்போதும் உண்மையான நீளத்தைவிட ஒன்று குறைவு. 0 என்றால் ஒரு பைட். 255 என்றால் 256 பைட். இந்த ‘ஒன்று குறைவு’ பின்னால் நமக்கு ஒரு பெரிய வில்லங்கத்தைக் கொண்டுவரப் போகிறது.

எக்ஸ்.சி.யின் சிறப்பு அதன் சிக்கனம். வேறு மாறிலி தேவையில்லை, ரிஜிஸ்டர் தேவையில்லை, 256 பைட் வரை ஆறே பைட்டில் முடிந்துவிடும். சிஸ்டம்/360-இன் மாடல் 30, குறைந்த அளவாக 8 கிலோபைட் நினைவகத்தோடுகூட விற்கப்பட்டது. அப்படிப்பட்ட எந்திரத்தில் ஒவ்வொரு பைட்டும் கணக்குத்தான்.

குடும்பம் ஒன்றே என்றாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாச் சொத்தும் கிடைக்கவில்லை. அறிவியல் கணக்குகளுக்கென்று வந்த மாடல் 44-இல், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நேரே வேலை செய்யும் எக்ஸ்.சி. போன்ற கட்டளைகள் இயல்பாக இடம்பெறவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இருந்தது அந்த மாடல்தான். அங்கே பூஜ்ஜியம் போட ரிஜிஸ்டர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். சென்னையில் இருந்த 370/155-க்கு அந்தக் குறை இல்லை.

பைட்டிலிருந்து பைட்டுக்கு

இரண்டாவது வழி வேறு விதமானது. எம்.வி.ஐ. என்ற நான்கு பைட் கட்டளை, நாம் சொல்லும் ஓர் எழுத்தை ஒரே ஒரு பைட்டில் வைக்கும். எம்.வி.சி. என்ற ஆறு பைட் கட்டளை, ஒரு பரப்பை இன்னொரு பரப்புக்குப் பிரதி எடுக்கும். எம்.வி.ஐ.யால் முதல் பைட்டில் பூஜ்ஜியத்தை வைத்துவிட்டு, அந்த முதல் பைட்டிலிருந்து தொடங்கும் பரப்பை இரண்டாவது பைட்டில் தொடங்கும் பரப்புக்குப் பிரதி எடுக்கச் சொன்னால், ஒரு வேடிக்கை நடக்கிறது. எம்.வி.சி. இடமிருந்து வலமாக, ஒரு நேரத்தில் ஒரு பைட் என்ற முறையில் வேலை செய்வதாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. முதல் பைட்டின் பூஜ்ஜியம் இரண்டாவதுக்குப் போகும். அடுத்து மூன்றாவதுக்குப் பிரதி எடுக்க இரண்டாவதைப் பார்த்தால், அங்கேயும் இப்போது பூஜ்ஜியம்தான் இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிரம்பி, வரப்பில் வெட்டிய வாய்மடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. தலைமடையில் ஒருமுறை திறந்துவிட்டால் கடைமடை வரை போய்ச் சேரும். எந்த வயலோடு நிறுத்துவது என்பதை மட்டும் நாம் சரியாகச் சொல்ல வேண்டும்; ஒரு வயல் கூடுதலாகச் சொன்னால் அடுத்தவர் நிலத்தில் தண்ணீர் நிற்கும்.

100 பைட் பரப்புக்கு எம்.வி.ஐ. ஒரு பைட்டை முடித்துவிடுகிறது, ஆகவே எம்.வி.சி.க்கு 99 என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் 100 என்று எழுதினால், பரப்புக்கு அப்பால் இருக்கும் ஒரு பைட்டும் அழிந்துபோகும். அந்த அடுத்த பைட் யாருடையது என்பதைப் பொறுத்து, பிழை அன்றே தெரியலாம், ஆறு மாதம் கழித்தும் தெரியலாம்.

பூஜ்ஜியத்துக்கு மட்டும் என்றால் இந்த வழி எக்ஸ்.சி.க்கு ஈடாகாது: கட்டளைகள் இரண்டு, பைட்டுகள் பத்து. ஆனால் எக்ஸ்.சி.யால் செய்ய முடியாத ஒன்றை இது செய்யும். மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறிமுறையான எப்சிடிக்கில் வெற்றெழுத்து, அதாவது ஸ்பேஸ், பதினாறடிமானத்தில் 40. அச்சிடும் வரி ஒன்று 133 பைட்: தாளை நகர்த்தச் சொல்லும் எழுத்து ஒன்று, அச்சுக்கு 132. ஒவ்வொரு வரியை அச்சிட்ட பிறகும் அதை வெற்றெழுத்துகளால் நிரப்ப வேண்டும். முதல் பைட்டில் ஒரு வெற்றெழுத்தை வைத்து, மீதி 132-க்கும் எம்.வி.சி.யால் பாய்ச்சினால் வேலை முடிந்தது.

அப்படியானால் எந்த வழி வேகமானது? 360, 370 காலத்தில் ஐ.பி.எம். ஒவ்வொரு மாடலுக்கும் தனிக் கையேடு வெளியிட்டது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் என்று அட்டவணை இருக்கும். எக்ஸ்.சி. தன் வரையறைப்படி இரண்டு பக்கத்தையும் படித்து ஒரு பக்கத்தில் எழுத வேண்டும், எம்.வி.சி.க்கு ஒரு படிப்பு, ஓர் எழுத்து. ஆகவே மாடலுக்கு மாடல் விடை மாறக்கூடியதாக இருந்தது. பூஜ்ஜியம் போடுவதற்காகவே எக்ஸ்.சி.யை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஐ.பி.எம்.மும் அறிந்திருந்தது. பிந்தைய எந்திரங்கள், இரண்டு முகவரியும் ஒன்றே என்று கண்டுகொண்டால் ஒப்பிடும் வேலையையே விட்டுவிட்டு நேரே பூஜ்ஜியத்தை எழுதிவிடுகின்றன. பைட்டிலிருந்து பைட்டுக்குப் பாயும் எம்.வி.சி.யையும் அவை அப்படியே அடையாளம் கண்டுகொள்கின்றன. புரோகிராம் எழுதுகிறவர்களின் கைப்பழக்கம் எந்திரத்தின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது.

நீளம் கூடும்போது

256 பைட்டுக்கு மேல் போனால்? 1000 பைட் என்றால் நான்கு எக்ஸ்.சி. போதும்: மூன்று முறை 256, ஒருமுறை 232. இது நல்ல வழிதான், படிக்கவும் எளிது. ஆனால் 20,000 பைட் என்றால் 79 எக்ஸ்.சி. எழுத வேண்டும், கட்டளைகளுக்கே 474 பைட். மேலும் ஒரு ரிஜிஸ்டரிலிருந்து 4095 பைட் தூரம் வரைதான் எக்ஸ்.சி.யால் எட்ட முடியும். சுழற்சி ஒன்றை எழுதி 256, 256-ஆகத் துடைத்துக்கொண்டு போகலாம்.

1970-இல் அறிமுகமான சிஸ்டம்/370 இதற்கென்று ஒரு கட்டளையைக் கொண்டுவந்தது: எம்.வி.சி.எல். இதன் அளவு இரண்டே பைட். ஆனால் நான்கு ரிஜிஸ்டர்களைக் கையில் எடுத்துக்கொள்ளும். 2, 3, 4, 5 என்று வைத்துக்கொள்வோம். 2-இல் எழுத வேண்டிய இடத்தின் முகவரி. 3-இல் அதன் நீளம். 4-இல் எங்கிருந்து எடுப்பது. 5-இல் எடுக்கும் பரப்பின் நீளம். எடுக்கும் பரப்பு சிறியதாக இருந்தால், மீதி இடத்தை ஒரு நிரப்பு எழுத்தால் நிரப்பும். அந்த எழுத்து 5-ஆம் ரிஜிஸ்டரின் முதல் எட்டு பிட்டுகளில் இருக்கும். நீளத்துக்கு மீதி 24 பிட்டுகள். ஆகவே ஒரே கட்டளையில் 1,67,77,215 பைட் வரை போகலாம்.

இங்கே ஓர் அழகு இருக்கிறது. 5-ஆம் ரிஜிஸ்டரை முழுவதும் பூஜ்ஜியமாக்கிவிட்டால் இரண்டு செய்திகள் ஒன்றாகப் போகின்றன: ‘எடுப்பதற்கு ஒன்றும் இல்லை’ என்பதும், ‘பூஜ்ஜியத்தால் நிரப்பு’ என்பதும். எடுக்கும் நீளமே பூஜ்ஜியம் என்பதால் 4-இல் என்ன இருந்தாலும் கவலையில்லை. 20,000 பைட்டைத் துடைக்க நான்கு கட்டளைகள் போதும்: 2-இல் முகவரியை வைக்க ஒன்று, 3-இல் நீளத்தை ஏற்ற ஒன்று, 5-ஐ அதிலிருந்தே கழித்துப் பூஜ்ஜியமாக்க ஒன்று, கடைசியாக எம்.வி.சி.எல். மொத்தம் 12 பைட். நீளத்தைச் சொல்லும் மாறிலிக்கு இன்னும் நான்கு.

இவ்வளவு நீளமான வேலையின் நடுவில் வேறு அவசர வேலை வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்திருந்தார்கள். எம்.வி.சி.எல்.ஐ இடையில் நிறுத்தலாம். எதுவரை முடிந்தது என்பது ரிஜிஸ்டர்களிலேயே இருக்கும். அவசர வேலை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்கு ஒரு விலையும் உண்டு. வேலை முடிந்த பிறகு 2-ஆம் ரிஜிஸ்டர் பரப்பின் எல்லையைத் தாண்டி நிற்கும். 3-இல் பூஜ்ஜியம் இருக்கும். மறுபடி அதே பரப்பைத் துடைக்க வேண்டுமானால் இரண்டையும் மீண்டும் ஏற்ற வேண்டும். தொடக்கச் செலவும் அதிகம். சில நூறு பைட்டுக்கு எக்ஸ்.சி., பல ஆயிரத்துக்கு எம்.வி.சி.எல். என்பது நெடுங்காலமாக நிற்கும் வழக்கம்.

நீளம் முன்கூட்டித் தெரியாதபோது

எத்தனை பைட் துடைக்க வேண்டும் என்பது புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும் என்றால், ஈ.எக்ஸ். என்ற கட்டளை கைகொடுக்கும். ஓர் எக்ஸ்.சி.யை, அதன் நீள பைட்டில் 0 வைத்துத் தனியாக எழுதி வைத்துவிட்டு, அதன் நீளத்தை ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஈ.எக்ஸ். சொல்லும். ரிஜிஸ்டரின் கடைசி பைட், எக்ஸ்.சி.யின் நீள பைட்டாக நின்று வேலை செய்யும்.

முன்பு பார்த்த ‘ஒன்று குறைவு’ இங்கேதான் கடிக்கிறது. ரிஜிஸ்டரில் இருக்கும் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு ஈ.எக்ஸ். கொடுக்க வேண்டும். நீளம் 40 என்றால் 39, சரி. நீளம் பூஜ்ஜியம் என்றால்? கழித்தால் −1. அதன் கடைசி பைட் பதினாறடிமானத்தில் எஃப்எஃப், அதாவது 255. எக்ஸ்.சி. அதை 256 பைட் என்று படிக்கும். எதையும் துடைக்காதே என்று சொல்ல வந்த இடத்தில், ஒரே அடியில் துடைக்க முடிந்த அதிகபட்சத்தையும் அது துடைத்துவிடும். கழிப்பதற்கு முன்னால் நீளம் பூஜ்ஜியமா என்று ஒரு சோதனை, பூஜ்ஜியமானால் தாண்டிப் போக ஒரு கிளைக் கட்டளை. இந்த இரண்டும் இல்லாத ஈ.எக்ஸ்.ஐ எங்கே கண்டாலும் நின்று பார்க்க வேண்டும்.

எந்தப் பூஜ்ஜியம்?

இதுவரை நீளத்தைப் பற்றியே பேசினோம். இதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. மெயின்ஃபிரேமில் பூஜ்ஜியம் ஒரே வகை அல்ல.

நூற்பாலைக்குத் திரும்புவோம். ஒரு தொழிலாளியின் பதிவு 100 பைட். அதில் பெயருக்கு 30 பைட், வேலை நாட்களுக்கு 2 பைட், கூலிக்கு 5 பைட், மீதியில் மற்ற விவரங்கள். வேலை நாட்கள் இரும எண்: 26 நாள் என்றால் 00 1ஏ, பூஜ்ஜியம் என்றால் 00 00. கூலி, வணிகக் கணக்குகளுக்கே உரிய பேக்டு டெசிமல் முறையில் இருக்கும். அந்த முறையில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம். கடைசி அரை பைட்டில் மட்டும் கூட்டல், கழித்தல் குறி. 1,250 ரூபாய் 75 பைசா என்பதைப் பைசாவாக எழுதினால் 00 01 25 07 5சி. கடைசியில் நிற்கும் சி, கூட்டல் குறி. இந்த முறையில் பூஜ்ஜியம் 00 00 00 00 0சி. அச்சிட வேண்டிய பூஜ்ஜியமோ எழுத்து. எப்சிடிக்கில் அது எஃப்0. பெயரின் இடம் காலியாக இருக்க வேண்டுமானால் அங்கே 40, 40 என்று வெற்றெழுத்துகள் வேண்டும்.

இந்தப் பதிவை எக்ஸ்.சி.யால் மொத்தமாகத் துடைத்தால் வேலை நாட்கள் சரியாகிவிடும். கூலியின் இடத்தில் 00 00 00 00 00 நிற்கும். கடைசி அரை பைட்டில் குறி இருக்க வேண்டும். குறியாக ஏ முதல் எஃப் வரை உள்ளவையே செல்லும். அங்கே 0 இருக்கிறது. அடுத்த வரியில் அதோடு ஒரு தொகையைக் கூட்டச் சொன்னால், எந்திரம் மறுத்துவிடும். புரோகிராம் எஸ்0சி7 என்ற பிழையோடு நின்றுபோகும். மெயின்ஃபிரேம் வேலையில் இருக்கும் எவரைக் கேட்டாலும் ‘சாக் செவன்’ என்று சொல்வது இதைத்தான். நள்ளிரவில் போன் வருவதற்கு அவர்களுக்கு அதிகம் பழக்கமான காரணங்களில் ஒன்று.

கூலிக்குச் சரியான கட்டளை இசட்.ஏ.பி. முன்பு என்ன கிடந்தாலும் பொருட்படுத்தாமல், குறியோடு கூடிய பூஜ்ஜியத்தை வைத்துவிடும். ஓர் எண்ணிலிருந்து அதையே கழிக்கும் எஸ்.பி. என்ற கட்டளையாலும் பூஜ்ஜியம் வரும். ஆனால் ஏற்கெனவே செல்லுபடியாகும் பேக்டு எண் அங்கே இருந்தால்தான். குப்பை கிடந்தால் துடைக்க வந்த கட்டளையே சாக் செவனில் விழும்.

அப்படியென்றால் பெயருக்கு எம்.வி.ஐ.யும் எம்.வி.சி.யும், நாட்களுக்கு எக்ஸ்.சி., கூலிக்கு இசட்.ஏ.பி. என்று வரிசையாக எழுத வேண்டுமா? எழுதலாம். இதைவிட நல்ல வழி உண்டு. பெயர், நாட்கள், கூலி என்று எல்லாப் புலமும் சரியான வெறுமையோடு இருக்கும் ஒரு மாதிரிப் பதிவை, 100 பைட் மாறிலியாக ஒருமுறை எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அதை எம்.வி.சி.யால் பிரதி எடுத்தால் போதும். ஆறு பைட், ஒரே கட்டளை, எல்லாப் பூஜ்ஜியமும் அதனதன் வடிவில். பதிவில் நாளைக்குப் புதிய புலம் சேர்ந்தால் மாதிரியை மட்டும் திருத்தினால் போதும். கோபோல் என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: லோ-வேல்யூஸை நகர்த்துவது வேறு, ஜீரோவை நகர்த்துவது வேறு. முதலாவது வெறும் 00. இரண்டாவது, புலத்தின் வகையைப் பார்த்து கம்பைலர் தேர்ந்தெடுக்கும் பூஜ்ஜியம்.

ரிஜிஸ்டருக்குள்

ரிஜிஸ்டரைப் பூஜ்ஜியமாக்குவதிலும் இதே மாதிரி தேர்வுகள் உண்டு. 5-ஆம் ரிஜிஸ்டரை அதிலிருந்தே கழிக்கும் எஸ்.ஆர். 5,5 இரண்டு பைட். தன்னோடு ஒப்பிடும் எக்ஸ்.ஆர். 5,5 என்பதும் இரண்டு பைட். எல்.ஏ. 5,0 நான்கு பைட். நினைவகத்திலிருந்து ஒரு பூஜ்ஜிய மாறிலியை ஏற்றும் எல்., கட்டளைக்கு நான்கும் மாறிலிக்கு நான்கும் எடுத்துக்கொண்டு, ஒரு நினைவக நடையும் கேட்கும்.

சிறியதுதான் சிறந்தது என்று எஸ்.ஆர்.ஐயே எப்போதும் எடுத்துவிட முடியாது. கடைசியாகச் செய்த ஒப்பீட்டின் முடிவை எந்திரம் ‘கண்டிஷன் கோடு’ என்ற இரண்டு பிட்டுகளில் வைத்திருக்கும். ஒப்பிட்டுவிட்டு, கிளை பிரிவதற்கு முன் ஒரு ரிஜிஸ்டரைத் துடைக்க வேண்டியிருந்தால், எஸ்.ஆர்.உம் எக்ஸ்.ஆர்.உம் அந்த முடிவை அழித்துவிடும். எல்.ஏ. அதைத் தொடாது. அங்கே இரண்டு பைட் கூடுதலாகக் கொடுப்பதுதான் சரியான சிக்கனம். நினைவகத்துக்கும் இதே விதிதான்: எக்ஸ்.சி. கண்டிஷன் கோடை மாற்றும், எம்.வி.ஐ.யும் எம்.வி.சி.யும் மாற்றாது.

இன்றைய எந்திரத்தில்

2008-இல் வந்த இசட்10 எந்திரம் சிறிய எண்களுக்கென்று மூன்று கட்டளைகளைச் சேர்த்தது. 2, 4, 8 பைட் எண்களில் ஒரு சிறு மதிப்பை நேரே எழுதுபவை அவை: எம்.வி.எச்.எச்.ஐ., எம்.வி.எச்.ஐ., எம்.வி.ஜி.எச்.ஐ. எக்ஸ்.சி.யைப் போலவே ஆறு பைட். ரிஜிஸ்டர் வேண்டாம், கண்டிஷன் கோடும் அப்படியே இருக்கும். தனித்தனி எண்களைப் பூஜ்ஜியமாக்க இன்று இவையே மிகத் தெளிவான வழி.

ஆனால் இன்றைய எந்திரங்களுக்குப் பழைய மாதிரி நேர அட்டவணை கிடையாது. பல கட்டளைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எது எப்போது முடியும் என்பது அக்கம்பக்கத்துக் கட்டளைகளைப் பொறுத்தது. கட்டளையின் பெயரைவிட இடத்தின் நிலைமைதான் இப்போது நேரத்தைத் தீர்மானிக்கிறது. இசட் எந்திரங்கள் நினைவகத்தை 256 பைட் வரிகளாகச் செயலகத்துக்கு அருகே கொண்டுவந்து வைக்கின்றன; கட்டளைகளுக்கு ஒரு வேக நினைவகம், தரவுகளுக்கு வேறொன்று. பழைய வழக்கப்படி கட்டளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு எண்ணை வைத்து அதை அடிக்கடி துடைத்தால், ஒரே வரிக்கு இரண்டு பக்கமும் போட்டி வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டளைகளின் பிரதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கொண்டுவர வேண்டியிருக்கும். எக்ஸ்.சி.யா எம்.வி.ஐ.யா என்று மணிக்கணக்கில் யோசித்து மிச்சப்படுத்துவதைவிட, அந்த எண்ணைக் கட்டளைகளிடமிருந்து தள்ளி வைத்தால் பன்மடங்கு மிச்சம்.

எல்லாவற்றிலும் பெரிய மிச்சம், தேவையில்லாமல் துடைக்காமல் இருப்பது. 4000 பைட் வேலைப் பரப்பை ஒவ்வொரு பதிவுக்கும் முழுவதும் துடைக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. பத்து லட்சம் பதிவுகள் என்றால் 400 கோடி பைட்டுகள் எழுதப்படும். அதில் உண்மையில் பூஜ்ஜியமாக வேண்டியது மூன்று நான்கு-பைட் எண்கள் மட்டும் என்றால், 1.2 கோடி பைட்டுகளே போதும். மாறாக, இயக்க முறைமையிடமிருந்து கேட்டு வாங்கிய புதிய இடம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பி விட்டுவிடவும் கூடாது. அந்த உத்தரவாதம் எல்லாச் சமயத்திலும் கிடையாது. எங்கே துடைக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறிவது, எந்தக் கட்டளை என்ற கேள்விக்கு முந்தையது.

நீங்களே செய்து பார்க்க

இதைப் படிக்கும் மாணவருக்கு மெயின்ஃபிரேம் எங்கே கிடைக்கும் என்ற கவலை வேண்டாம். ரோஜர் பவுலர் 1999-இல் தொடங்கிய ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள், ஒரு மடிக்கணினியையே 370 எந்திரமாக நடக்க வைக்கும். அதில் எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய இயக்க முறைமையை நிறுவினால் அசெம்பிளரும் கூடவே வரும். திருப்பரங்குன்றத்திலோ உசிலம்பட்டியிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே, 1973-இல் சென்னையில் ஓடிய அதே கட்டளைகளை ஓட்டிப் பார்க்கலாம்.

மேலே சொன்ன நூற்பாலைப் பதிவை எழுதுங்கள். முதலில் எக்ஸ்.சி.யால் முழுவதையும் துடைத்துவிட்டு, கூலியில் 100 ரூபாயைக் கூட்டுங்கள். சாக் செவன் வரும். அப்போது அச்சாகும் நினைவகப் படியில், கூலியின் ஐந்து பைட்டுகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பிறகு மாதிரிப் பதிவை வைத்து எம்.வி.சி.யால் செய்து பாருங்கள். எம்.வி.எச்.ஐ.யையும் முயன்று பாருங்கள்: அந்தப் பழைய அசெம்பிளருக்கு இந்தப் பெயரே தெரியாது. எந்திர மொழியிலேயே எழுதிக் கொடுத்தாலும், அப்படியொரு கட்டளை இல்லை என்று 370 எஸ்0சி1 பிழையோடு நின்றுவிடும். பழைய புரோகிராம் புதிய எந்திரத்தில் ஓடும் என்ற வாக்குறுதிக்கு மறுதிசை இல்லை என்பது அப்போது கண்ணெதிரே தெரியும்.

கடைசியாக ஒன்றை மட்டும் விடாதீர்கள். துடைக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில், இந்த இடத்தில் எந்தப் பூஜ்ஜியம் வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். இந்தப் புரோகிராம்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடுகின்றன. எந்திரம் மாறினால் வேகக் கணக்கும் மாறிவிடும். அந்த இடத்தை அடுத்துப் படிக்கப் போவது இரும எண்ணா, கூலித் தொகையா, அச்சு வரியா என்பதுதான் மாறாதது. அதை அறிந்து தேர்ந்தெடுத்தவரின் கட்டளையே நின்று நிலைக்கிறது.